மொட்டை மாடி டேங்கில் வளரும் மலேரியா கொசு: சென்னைக்குப் பழகிப்போன இந்தக் கொசுவைப் பார்த்து ஆப்பிரிக்கா பதறுவது ஏன்?

2016 செப்டம்பர் 5. இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. அந்த நாட்டில் உள்ளூரிலேயே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி பதிவானது 2012 அக்டோபரில். பல தலைமுறைகளாக மக்களை வாட்டிய நோய் ஒருவழியாக ஒழிந்தது என்று எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதி நாலு மாதம்கூட நீடிக்கவில்லை. அதே டிசம்பரில் மன்னார் தீவின் கிணறுகளில், இலங்கையில் அதுவரை பார்த்திராத ஒரு மலேரியா கொசுவின் புழுக்கள் கிடைத்தன.

சென்னைக்காரர்களுக்கு அந்தக் கொசு ஒன்றும் புதுசு இல்லை. மொட்டை மாடி டேங்கிலும் வீட்டுக் கிணற்றிலும் பல பத்தாண்டுகளாகக் குடியிருப்பதுதான். ஆனால் இன்று எத்தியோப்பியா முதல் கானா வரை பல நாடுகள் இதைப் பார்த்துத்தான் பதறுகின்றன. ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

அந்தக் கொசு எது?

பெயர் அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. கொசு என்றாலே மலேரியா என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. உலகில் 3,000-க்கும் மேற்பட்ட கொசு வகைகள் இருக்கின்றன. அனாஃபிலிஸ் இனக் கொசுக்கள் மட்டும்தான் மனிதர்களுக்கு மலேரியாவைப் பரப்பும். அதிலும் ஆபத்தானவை சுமார் 40 வகைதான். அதிலும் பெண் கொசு மட்டும்தான் கடிக்கும். முட்டை வைக்க அதற்கு ரத்தம் வேண்டும்.

கொசு நோயைச் சுமந்து போகும் வண்டி மட்டும்தான். நோயை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. மலேரியா நோயாளியைக் கடிக்கும்போது அது கொசுவின் வயிற்றுக்குள் போகிறது. சுமார் 10 நாள் அல்லது அதற்கு மேல் அங்கே வளர்ந்து, கொசுவின் உமிழ்நீர் சுரப்பிக்கு வருகிறது. அதற்குப் பிறகு கொசு யாரைக் கடித்தாலும் அவருக்குத் தொற்று.

கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள இந்தத் தொடர்பு முதன்முதலில் நிரூபிக்கப்பட்டது இந்தியாவில்தான். 1897 ஆகஸ்ட் 20 அன்று, செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றை அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த ராணுவ மருத்துவர் ரொனால்ட் ராஸ், உள்ளே ஒட்டுண்ணி வளர்வதைக் கண்டுபிடித்தார். ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினமாக அனுசரிக்கப்படுவது அதனால்தான்.

மற்ற மலேரியா கொசுவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் முக்கியக் கொசு அனாஃபிலிஸ் கேம்பியே. மழை பெய்து தேங்கும் குட்டைகளில் அது வளரும். நடுராத்திரியில் வீட்டுக்குள் வந்து தூங்குபவரைக் கடிக்கும். அதனால்தான் அங்கே மலேரியா கிராமத்து நோயாகவும் மழைக்கால நோயாகவும் பார்க்கப்பட்டது. நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் அந்தக் கொசுவுக்கு ஒத்துவராது. நகரம் வளர வளர மலேரியா தானாகக் குறையும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

அந்த நம்பிக்கையை உடைத்தது ஸ்டீபன்சி. இது நகரவாசி. மனிதர்கள் சேமித்து வைக்கும் சுத்தமான தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும். ஓவர்ஹெட் டேங்க், சம்ப், கிணறு, டிரம், கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமென்ட்டுக்கு நீர் பிடித்து வைக்கும் தொட்டி, இப்படி எங்கும் முட்டையிடும். மழை பெய்ய வேண்டிய அவசியமே இல்லை. சொல்லப்போனால், வெயில் காலத்தில் தட்டுப்பாட்டுக்குப் பயந்து மக்கள் கூடுதலாகத் தண்ணீர் பிடித்து வைப்பது இதற்குக் கொண்டாட்டம்.

இன்னொரு சங்கதி: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளரும் அதே பாத்திரங்களில் இதுவும் வளரும். சில இடங்களில் ஒரே தொட்டியில் இரண்டின் புழுவும் சேர்ந்தே கிடைத்திருக்கின்றன.

சென்னைக்கு இது எப்படிப் பழக்கம்?

தெற்காசியாவும் அரேபியத் தீபகற்பமும்தான் ஸ்டீபன்சியின் பூர்வீகம். இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவதில் இதற்குத்தான் முதலிடம். தமிழ்நாட்டின் மலேரியா கணக்கில் நீண்டகாலம் பெரும்பங்கு சென்னையுடையது. அதற்குக் காரணமும் இந்தக் கொசுதான்.

தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் சென்னையில் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு முக்கியமான விஷயங்கள் தெரிய வந்தன.

ஒன்று, இந்தக் கொசுவின் முக்கிய இருப்பிடம் மொட்டை மாடி டேங்க். தெருவில் எவ்வளவு புகை அடித்தாலும் மாடியில் மூடி உடைந்து கிடக்கும் டேங்குக்குள் புழு நிம்மதியாக வளர்ந்துகொண்டிருக்கும்.

இரண்டு, ரத்தம் குடித்த பிறகு இது வீட்டுக்குள்ளேயே தங்குவதில்லை. வீடுகளைவிட மாட்டுக் கொட்டகைகளில்தான் அதிகம் பிடிபட்டது. வீட்டுச் சுவரில் மருந்து அடித்தால் அதில் உட்காரும் கொசு சாகும் என்பதுதான் பழைய மலேரியா ஒழிப்புத் திட்டத்தின் அடிப்படை. சுவரிலேயே உட்காராத கொசுவை என்ன செய்வது?

வீட்டு வாசலில் வந்து, "டேங்க் மூடியிருக்கா, டிரம்ல புழு இருக்கா, பார்க்கணும்" என்று கேட்கும் மாநகராட்சிக் கொசு ஒழிப்புப் பணியாளர்களைப் பலரும் டெங்கு ஊழியர்கள் என்றே நினைக்கிறார்கள். மலேரியாவுக்கும் அதே வேலைதான் மருந்து. தமிழ்நாட்டில் இதற்குச் சட்டமே உண்டு. 1939-ம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டத்திலேயே கொசுக் கட்டுப்பாட்டுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. நகரங்களுக்கென்று நகர்ப்புற மலேரியா திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது 1971-ல்.

ஆப்பிரிக்காவில் என்ன நடந்தது?

முதல் அதிர்ச்சி ஜிபூட்டி. செங்கடலின் வாசலில் இருக்கும் குட்டி நாடு, பெரிய துறைமுகம். 2012-ல் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 27 பேர். இன்னும் கொஞ்சம் முயன்றால் மலேரியாவே இல்லாத நாடாகிவிடலாம் என்ற நிலை. ஸ்டீபன்சி அங்கே முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதும் அதே 2012-ல்தான். 2020-ல் எண்ணிக்கை 73,000-ஐத் தாண்டியது. அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 10 லட்சம்தான்.

இந்த ஏற்றம் முழுவதற்கும் இந்தக் கொசு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியுமா? விஞ்ஞானிகளுக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்கு விடை சொன்னது எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரம்.

எத்தியோப்பியாவில் ஸ்டீபன்சி 2016-ல் கண்டுபிடிக்கப்பட்டது. டிரே டாவாவில் 2019-ம் ஆண்டு முழுக்கப் பதிவான மலேரியா நோயாளிகள் 205 பேர். 2022-ல் முதல் 5 மாதங்களிலேயே 2,400-ஐத் தாண்டியது. அதுவும் வழக்கமாக மலேரியா அடங்கியிருக்கும் வறண்ட காலத்தில்.

அடிஸ் அபாபாவில் உள்ள ஆர்மவர் ஹான்சன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஃபிட்சம் ததெஸ்ஸே தலைமையிலான குழு களத்தில் இறங்கியது. காய்ச்சல் வந்தவரின் வீட்டையும், காய்ச்சல் வராதவரின் வீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊருக்குள் மட்டுமில்லை, பல்கலைக்கழக விடுதியிலும் மாணவர்களுக்கு மலேரியா பரவியிருந்தது. யார் வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியில் ஸ்டீபன்சி புழு இருந்ததோ, அவர்களுக்குத்தான் தொற்று அதிகம். பிடிபட்ட அனாஃபிலிஸ் கொசுக்களில் பெரும்பான்மை ஸ்டீபன்சிதான். அவற்றின் உடலில் ஒட்டுண்ணியும் இருந்தது. சந்தேகம் தீர்ந்தது.

சூடான், சோமாலியா, எரித்ரியா, கென்யா, நைஜீரியா, கானா என்று இப்போது பட்டியல் நீள்கிறது. இந்தக் கொசு ஆப்பிரிக்க நகரங்களில் முழுவதும் பரவினால் கூடுதலாக 12.6 கோடி மக்கள் மலேரியா ஆபத்துக்குள் வருவார்கள் என்று 2020-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் கணிப்பு எச்சரித்தது. இதைத் தடுக்கவென்றே 2022 செப்டம்பரில் தனி முயற்சியை உலக சுகாதார நிறுவனம் தொடங்கியது.

ஆப்பிரிக்கா ஏன் இவ்வளவு பயப்படுகிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 2023-ல் உலகம் முழுக்க மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5.97 லட்சம் பேர். அதில் 100-க்கு 95 மரணங்கள் ஆப்பிரிக்காவில். இறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

கொசுவலை இருக்கே, போதாதா?

இந்த நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் மலேரியாவைக் குறைத்ததில் மருந்து தோய்த்த கொசுவலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் வலை, தூங்குபவரைத்தான் காப்பாற்றும். ஸ்டீபன்சி சாயங்காலமே கடிக்கத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வெளியேயும் கடிக்கும். வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் வலைக்குள் இருக்க முடியுமா?

அடுத்தது மருந்து. எத்தியோப்பியாவில் பிடித்த ஸ்டீபன்சி கொசுக்கள் பல வகைப் பூச்சிக்கொல்லிகளுக்கு அசைந்து கொடுக்கவில்லை. வலையில் தோய்க்கப்படும் பைரித்ராய்டு வகை மருந்துக்கும் எதிர்ப்பு இருந்தது.

மூன்றாவது தலைவலி பரிசோதனைக் கருவி. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து 15-20 நிமிடத்தில் முடிவு சொல்லும் கிட், ஒட்டுண்ணி வெளிவிடும் ஒரு புரதத்தைத்தான் தேடுகிறது. எரித்ரியா, எத்தியோப்பியா, ஜிபூட்டி பகுதிகளில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத ஒட்டுண்ணிகள் பரவியிருக்கின்றன. நோய் இருக்கும், கிட் "நெகட்டிவ்" என்று காட்டும். நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். கொசு அவரைக் கடித்து அடுத்தவருக்குக் கொண்டுபோகும்.

தடுப்பூசி வந்துடுச்சே?

வந்துவிட்டது. உண்மையிலேயே பெரிய சாதனைதான். 2021 அக்டோபரில் ஆர்டிஎஸ்,எஸ் தடுப்பூசியையும், 2023 அக்டோபரில் ஆர்21 தடுப்பூசியையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆர்21-ஐ ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவாக்க, புனேயில் உள்ள சீரம் நிறுவனம் தயாரிக்கிறது. கானா, கென்யா, மலாவி நாடுகளில் முதல் தடுப்பூசியைச் சோதனை முறையில் போட்டபோது, தடுப்பூசிக்குரிய வயதுக் குழந்தைகளின் இறப்பு 13 சதவீதம் குறைந்தது. பச்சைக் குழந்தைகளைப் பறிகொடுக்கும் ஊர்களில் இது சின்ன எண் இல்லை.

ஆனால் இரண்டு எல்லைகள் இருக்கின்றன. இந்தத் தடுப்பூசிகள் சின்னக் குழந்தைகளுக்கானவை. டிரே டாவா விடுதியில் காய்ச்சலில் படுத்தவர்கள் கல்லூரி மாணவர்கள். அடுத்து, இவை ஃபால்சிபாரம் என்ற ஒட்டுண்ணிக்கு எதிரானவை. சென்னையில் அதிகம் இருப்பது வைவாக்ஸ் என்ற வேறு வகை.

வைவாக்ஸ் கொஞ்சம் தந்திரக்காரன். காய்ச்சல் போன பிறகும் கல்லீரலுக்குள் பதுங்கிக்கொள்ளும். வாரங்கள், மாதங்கள் கழித்துக் கொசுவே கடிக்காமல் திரும்பக் காய்ச்சலைக் கொண்டுவரும். அதனால்தான் வைவாக்ஸ் மலேரியாவுக்கு, காய்ச்சலை அடக்கும் மாத்திரையோடு 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இதை எல்லோருக்கும் கொடுக்க முடியாது. கர்ப்பிணிகளுக்கும், குறிப்பிட்ட நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஆபத்து. அதனால் டாக்டர் சொல்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போடக் கூடாது. டாக்டர் கொடுத்தால் பாதியில் நிறுத்தவும் கூடாது.

இலங்கை எப்படிச் சமாளித்தது?

இங்கேதான் நல்ல செய்தி. மன்னாரில் கொசு கிடைத்ததும், "நோயாளியே இல்லையே, அப்புறம் பார்க்கலாம்" என்று இலங்கை இருக்கவில்லை. அதற்கு ஒரு பழைய காயம் காரணம்.

1963-ல் இலங்கையில் மலேரியா நோயாளிகள் வெறும் 17 பேர். நோய் ஒழிந்தது என்று நினைத்துக் கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். 1969-ல் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்தியாவின் கதையும் அதேதான். சுதந்திரம் கிடைத்த சமயத்தில் ஆண்டுக்கு சுமார் 7.5 கோடி பேரைப் படுக்கவைத்த நோய், டிடிடி தெளிப்பால் 1960-களின் நடுவில் சுமார் 1 லட்சமாகச் சுருங்கியது. அப்புறம் 1976-ல் 64 லட்சமாக எகிறியது.

அந்தப் பாடம் மறக்காததால், மன்னாரில் வீடு வீடாகக் கிணறுகளைச் சோதித்தார்கள். புழுவைத் தின்னும் மீன்களைக் கிணற்றில் விட்டார்கள். பயன்படாத கிணறுகளை மூடினார்கள். பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் ஸ்டீபன்சி தலைகாட்டியது. அங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் மரபணுவையும் வாழிடத்தையும் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். மலேரியா உள்ள நாடுகளுக்குப் போய்த் திரும்புபவருக்குக் காய்ச்சல் என்றால் உடனே ரத்தப் பரிசோதனை. கொசு இருக்கலாம், அதைத் தொற்றவைக்கும் நோயாளி இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. இன்றுவரை இந்தக் கொசுவால் இலங்கையில் மலேரியா மறுபடி பரவியதாகப் பதிவு இல்லை.

கொசுவை வைத்தே கொசுவை அழிக்க முடியுமா?

முயற்சி நடக்கிறது. 2024 மே மாதம் ஜிபூட்டியில் மரபணு மாற்றிய ஆண் ஸ்டீபன்சி கொசுக்களைத் திறந்துவிட்டார்கள். பிரிட்டனின் ஆக்ஸிடெக் நிறுவனம் உருவாக்கியவை. ஆண் கொசு கடிக்காது. அது காட்டுப் பெண் கொசுவோடு சேரும்போது பிறக்கும் பெண் குஞ்சுகள் வளர்வதற்கு முன்பே செத்துவிடும். கடிக்கும் கொசுக்களின் எண்ணிக்கை மெல்லக் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

இன்னொரு வழி, கொசுவை விட்டுவைத்து அதன் உடலில் ஒட்டுண்ணி வளர முடியாமல் செய்வது. 2015-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் இதைச் செய்து காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஸ்டீபன்சியைத்தான். ஒட்டுண்ணியை எதிர்க்கும் மரபணு, கிட்டத்தட்ட எல்லாக் குஞ்சுகளுக்கும் போய்ச் சேரும்படி வடிவமைத்தார்கள். ஒருமுறை வெளியே விட்டால் திரும்ப அழைக்க முடியாத தொழில்நுட்பம் என்பதால், இதைத் திறந்தவெளியில் விடுவதற்கு முன் நாடுகளின் அனுமதியும் மக்களின் சம்மதமும் தேவை என்ற விவாதம் தொடர்கிறது.

உண்மையான சிக்கல் எங்கே?

தண்ணீரில். டிரே டாவாவில் மக்கள் டிரம்மில் தண்ணீர் பிடித்து வைப்பது ஆசைப்பட்டா? குழாயில் தினமும் தண்ணீர் வராது. 2019 கோடையில் சென்னை பட்ட பாடு ஞாபகம் இருக்கும். லாரி வரும்போது வீட்டில் இருக்கும் குடம், டிரம், அண்டா எல்லாவற்றையும் நிரப்பித்தானே வைத்தோம்?

"தண்ணீரைத் தேக்காதீர்கள்" என்று நோட்டீஸ் கொடுப்பது சுலபம். தினமும் தண்ணீர் வந்தால் யாரும் தேக்க மாட்டார்கள். அதனால் ஸ்டீபன்சியை ஒழிப்பது சுகாதாரத் துறையின் வேலை மட்டுமில்லை. குடிநீர் வாரியம், கட்டட அனுமதி கொடுக்கும் அலுவலகம், கட்டுமான ஒப்பந்தக்காரர் என எல்லோருக்கும் இதில் பங்கு இருக்கிறது. 2027-க்குள் உள்ளூர்த் தொற்றைப் பூஜ்யமாக்குவதும், 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதும் இந்தியாவின் இலக்கு. அது காட்டுப்பகுதிக் கிராமங்களில் ஜெயித்து, நகரத்து மாடிகளில் தோற்றுவிடக் கூடாது.

நீங்க என்ன செய்யணும்?

* மாடிக்கு ஒருமுறை ஏறிப் பாருங்கள். டேங்க் மூடி உடைந்திருந்தால் மாற்றுங்கள். மூடி இருந்தாலும் விளிம்பில் இடைவெளி இருந்தால் கொசு நுழைந்துவிடும். வழிந்தோடும் குழாயின் வாயில் வலை கட்டுங்கள்.

* டிரம், அண்டா, குடங்களை வாரம் ஒருமுறை முழுசாகக் காலி செய்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். முட்டை கொசுவாக மாற ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். நடுவில் வெட்டிவிட்டால் கதை முடிந்தது.

* கிணறு இருந்தால் வலை போட்டு மூடுங்கள். முடியாவிட்டால், புழு தின்னும் மீன் விடுவது பற்றி உள்ளாட்சி சுகாதார அலுவலகத்தில் கேளுங்கள்.

* புழுவைப் பார்த்தே ஓரளவு அடையாளம் காணலாம். தண்ணீர் மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கினால் டெங்குக் கொசு மாதிரியான மற்ற வகை. மேற்பரப்போடு ஒட்டிப் படுத்துக் கிடந்தால் மலேரியா கொசு இனம். எதுவாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

* குளிர், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, வியர்த்து இறங்கி, மறுபடி வந்தால் மலேரியாவாக இருக்கலாம். எல்லோருக்கும் இப்படித்தான் வரும் என்றும் இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். வெளிமாநிலம், வெளிநாடு போய் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

* புழு சோதிக்க வரும் பணியாளரை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். மாடிச் சாவியைக் கொடுங்கள்.

சுருக்கமா சொன்னா...

தடுப்பூசி, புதிய மருந்து, மரபணு மாற்றிய கொசு என்று ஆராய்ச்சி வேகமாகப் போகிறது. எல்லாம் தேவைதான். ஆனால் நகரத்து மலேரியாவைப் பொறுத்தவரை, இன்றே கையில் இருக்கும் ஆயுதம் டேங்க் மூடிதான். 17 நோயாளிகள் 5 லட்சமான இலங்கையும், 27 பேர் 73,000 ஆன ஜிபூட்டியும் சொல்வது ஒன்றுதான்: மலேரியா குறைந்துவிட்டது என்று நினைத்துக் கைவிடும் நாளில்தான் அது திரும்பத் தொடங்கும்.